அத்தை கால் வைக்க ஓர் இடம்

ஒரே பைக்கில் மூன்று பேராகப் போய் வளர்ந்த என் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நடுவில் உட்கார்பவருக்குக் கால் வைக்க இடம் கிடையாது. ஓட்டுபவருக்கு ஒரு ஜோடி ஃபுட்ரெஸ்ட், பின்னால் இருப்பவருக்கு ஒரு ஜோடி. நடுவில் செருகப்பட்ட பிள்ளையின் கால்கள் இரண்டு பக்கமும் தொங்கும். ஓட்டுபவரின் சட்டை முதுகில் மூக்கு அழுந்தும். ஊரில் எதையும் பார்க்க முடியாது, சோப்பு வாசனையும் பெட்ரோல் வாசனையும்தான் ஊர். இறங்கும்போது சைலன்சரில் பட்டு, வலது கெண்டைக்காலில் ஒரு பழுப்புத் தழும்பு வாங்கியிருப்போம். உங்களுக்கும் இருக்கும், பாவாடையையோ பேன்ட்டையோ தூக்கிப் பாருங்கள்.

இப்போது நான் வண்டி உதிரிபாகங்களைச் சோதித்துப் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எந்த போல்ட்டை எவ்வளவு முறுக்கலாம் என்று சொல்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். ஃபுட்ரெஸ்ட் என்ற சொல் அன்றாடம் என் மேஜைக்கு வருகிறது. வரும்போதெல்லாம் என் அத்தையின் கல்யாணம் ஒரு ஃபுட்ரெஸ்ட்டால் நின்றுபோக இருந்த அந்த ஆடி மாதம்தான் நினைவுக்கு வரும். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அத்தை அப்பாவின் ஒரே தங்கை. கே.கே. நகரில் எங்களோடுதான் இருந்தாள். தாத்தா இல்லாததால் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பொறுப்பு அப்பாவுடையது. அப்பா ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவு சூப்பர்வைசர். ஜாதகப் பொருத்தத்தை அம்மாவிடம் விட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டை ஆய்வு செய்வதை அவர் எடுத்துக்கொண்டார். கரூர் வரனின் வீட்டில் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது, மோட்டாரை நிறுத்த யாரும் எழுந்திருக்கவில்லை. தள்ளுபடி. தஞ்சாவூர் வரனின் வீட்டில் கதவுக் கீல் முனகியது. எண்ணெய் விட ஒரு ஆள் இல்லாத வீடு என்று அதுவும் போயிற்று. லால்குடியில் பையன் தங்கமானவன், ஆனால் அவனுடைய அப்பாவின் மூக்குக்கண்ணாடித் தண்டில் நூல் சுற்றியிருந்தது.

"அவங்கப்பா கண்ணாடியையா நான் கட்டிக்கப் போறேன்?" என்று அத்தை கேட்டாள்.

"நூல் சுத்துற வீட்டுல வளர்ந்தவன்மா அவன். நாளைக்கு கேஸ் ட்யூபுக்கும் நூல்தான் சுத்துவான்."

அத்தைக்கு முப்பது நெருங்கிக்கொண்டிருந்தது.

பிறகுதான் ஸ்ரீரங்கத்து வரன் வந்தது. அம்மாவும் மகனும் மட்டும். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் எவர்சில்வர் பாத்திரக் கடை. அப்பா அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு வேளை சரியாகச் சாப்பிடவில்லை. குழாய் சொட்டவில்லை, சுவிட்ச் ஆடவில்லை, கொடிக்கயிறுகூடத் தொய்யாமல் கட்டியிருந்ததாம். வேறு வழியின்றிச் சரி என்றார். ஆனி கடைசியில் அவர்கள் வந்து அத்தைக்குப் பூ வைத்துவிட்டுப் போனார்கள். உடனே ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் கல்யாணப் பேச்சு கூடாது, நிச்சயமும் தேதியும் ஆவணியில்தான். நடுவே ஒரு மாதம் சும்மா கிடந்தது. அப்பாவிடம் ஒரு மாதத்தைச் சும்மா கொடுத்தால் என்ன ஆகும் என்று அம்மா அன்றே கவலைப்பட்டாள்.

முதல் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாப்பிள்ளை பைக்கில் வந்து, அத்தையைக் காவிரிப் பாலம் வரை காற்று வாங்க அழைத்துப் போகலாமா என்று கேட்டார். கேட்கும்போதே வியர்த்திருந்தார்.

"தாராளமா போயிட்டு வாங்க தம்பி. பாப்பாவும் வரட்டும்" என்றார் அப்பா.

அப்படித்தான் நான் நடுவில் ஏறினேன். எனக்குப் பின்னால் அத்தை, புடவையில், ஒருக்களித்து, இரண்டு கால்களையும் இடது பக்க ஃபுட்ரெஸ்ட்டில் வைத்துக்கொண்டு. அந்த வண்டியின் பின் ஃபுட்ரெஸ்ட்டுகள் வழக்கத்தைவிட நீளமானவை. கல்யாணச் சீர்ப் பாத்திரங்களை மூட்டையாகக் கட்டி உப்பிலியபுரம் வரை கொண்டுபோய்க் கொடுப்பவர் அவர். கயிறு போட வசதியாக நீளமாகச் செய்து மாட்டியிருந்தார். அண்டாவும் குண்டானும் இழுத்த இழுப்பில் அவை தளர்ந்து போயிருந்தன. அதுவரை அந்த சீட்டில் மனிதர் யாரும் உட்கார்ந்ததில்லை என்று நினைக்கிறேன்.

பாலத்தின் நடுவில் ஆடிக்காற்று சுழன்று அடித்தது. ஃபுட்ரெஸ்ட் சட்டென்று கீழே இறங்கியது. அத்தையின் கால் வழுக்கி, ஒரு செருப்பு போய்விட்டது.

"ஐயோ, நிறுத்துங்க! என் செருப்பு!"

"பாலத்துல நிறுத்த முடியாதுங்க, பின்னாடி பஸ் வருது."

பஸ் செருப்பின் மேல் ஏறி எங்களையும் தாண்டிப் போனது.

"இனிமே நிறுத்த வேணாங்க. போங்க" என்றாள் அத்தை.

மாப்பிள்ளை முதலில் சிரிப்பை அடக்கிப் பார்த்தார். முதுகு குலுங்கியது. பின்னால் அத்தை குலுங்கினாள். நடுவில் இருந்த நான் காரணம் புரியாமல் இரண்டு பக்கச் சிரிப்பிலும் சேர்ந்து ஆடினேன். திரும்பும் வழியில் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் அவர் புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். நீலப் பட்டை, நடுவில் ஒரு பூ. மிஞ்சிய ஒற்றைச் செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

வீட்டில் விசாரணை எனக்கு. ஸ்டூலில் உட்கார வைத்தார் அப்பா.

"செருப்பு ஏன் புதுசு?"

"பழசு மேல பஸ் ஏறிடுச்சுப்பா."

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "அத்தை கால் எங்கடி இருந்துச்சு அப்ப?"

"செருப்புல இல்ல."

"எப்படி கழண்டுச்சு? அதைச் சொல்லு" என்றார் அப்பா.

"ஃபுட்ரெஸ்ட் கீழ இறங்கிடுச்சு. அது லூசு."

அப்பாவின் முகம் அப்படி மலர்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "பார்த்தியா!" என்றார் அம்மாவிடம். "வீட்டை ஜோடிச்சு வச்சிருக்காங்க, வண்டியில மாட்டிக்கிட்டான். பின்னாடி உட்கார்றவங்க கால் எங்க இருக்குன்னு கவலையே இல்லாதவன்."

"ஒரு போல்ட்டுக்காகவாங்க?"

"அவனா சரி பண்றானா பார்ப்போம். யாரும் அவன்கிட்ட வாயைத் திறக்கக் கூடாது. இதுதான் டெஸ்ட்டு."

"தொங்குனது என் காலுண்ணே" என்றாள் அத்தை. "எனக்கே கோபம் வரலை. உங்களுக்கு என்ன?"

அடுத்த ஞாயிறு மாப்பிள்ளை வந்தபோது அப்பா ஜன்னலோரம் நின்று பார்த்தார். இடது ஃபுட்ரெஸ்ட் சணல் கயிற்றால் தூக்கிக் கட்டப்பட்டிருந்தது. அவர் உள்ளே வந்து காபி குடித்து, அத்தையைப் பார்த்துச் சிரித்து, கிளம்பிப் போகும்வரை அப்பா ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. கேட் சாத்தியதும் சொன்னார்.

"கண்ணாடிக்கு நூல் சுத்துனவங்களே தேவலை. ஆவணி பிறக்கட்டும். வேற இடம் பார்ப்போம்."

"பூ வச்சாச்சுங்க" என்றாள் அம்மா.

"பூ வாடிடும்."

அத்தை அழவில்லை. பின்கட்டுக்குப் போய் அப்பாவின் ஸ்பேனர் பெட்டியைக் கவிழ்த்து, ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கினாள். அந்தப் பெட்டியில் எது எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் அவள்தான். அப்பா மிக்ஸியைப் பிரித்தாலும் மோட்டாரைப் பிரித்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கையை நீட்டியதும் சரியான ஸ்பேனரை வைப்பாள். கேட்கக்கூட வேண்டாம். அப்பா மாப்பிள்ளைகளைத்தான் தள்ளிக்கொண்டிருந்தார் என்று அப்போது எல்லோரும் நம்பினோம். அந்த நீட்டிய கையை யாரும் கவனிக்கவில்லை, அப்பா உட்பட.

ஆடிப் பதினெட்டுக்கு மாப்பிள்ளையின் அம்மா போன் செய்து எங்களை ஸ்ரீரங்கத்துக்கு அழைத்தார். அம்மா மண்டபப் படித்துறையில் ஆற்றுக்குப் பூஜை, பிறகு அவர்கள் வீட்டில் கலந்த சாதம். ஒரே ஒரு நிபந்தனை. கல்யாணத்துக்கு முன் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படியை மிதிக்கக் கூடாதாம். எனவே அத்தைக்கு மட்டும் பக்கத்து வீட்டில் இலை. மாப்பிள்ளை காலையில் வந்து அத்தையையும் என்னையும் பைக்கில் அழைத்துப் போவது, அப்பாவும் அம்மாவும் பஸ்ஸில் வருவது என்று ஏற்பாடு. இதுதான் கடைசி மரியாதை, திரும்பி வந்ததும் ஆள் விட்டுச் சொல்லிவிடுவதாக அப்பா முதல் நாளே அம்மாவிடம் முடிவாகச் சொல்லியிருந்தார்.

காலையில் பைக் சத்தம் கேட்டு நான்தான் முதலில் கேட்டுக்கு ஓடினேன். மாப்பிள்ளை குனிந்து ஃபுட்ரெஸ்ட்டைக் காட்டினார்.

"வெல்டிங் வச்சுட்டேன் பாப்பா. இனிமே தொங்காது. செருப்பு போன அன்னைக்கே பண்ணியிருக்கணும், ஆவணி சீர் ஆர்டர்ல மூச்சு விட முடியலை. அத்தைகிட்ட சொல்லாதே, என்ன? ஏறினதும் அவங்களுக்கே தெரியட்டும்."

தலையாட்டினேன். அடியில் ஒரு பொட்டு வெல்டிங் தாங்கிக்கொண்டிருந்தது. தொங்கவில்லை. ஆனால் பக்கவாட்டில் இன்னும் ஆடியது.

அவர் உள்ளே போய் இட்லிக்கு உட்கார்ந்தார். அத்தை பூப்பறிக்கும் கூடையோடு வெளியே வந்தாள். கூடையில் குறடும் ஒரு கை வாஷரும் இருந்தன. குந்தி உட்கார்ந்து, ஃபுட்ரெஸ்ட்டைப் பிடித்திருக்கும் பின்னை உருவி, ஆடுகிற இடைவெளியில் வாஷர்களை நெருக்கமாகச் செருகி, மறுபடி பின்னை மாட்டினாள். இரண்டு பக்கமும். செம்பருத்தி ஒன்றையும் மறக்காமல் பறித்துக்கொண்டாள்.

"யார்கிட்டயும் சொல்லாதடி. அவரே சரி பண்ணிட்டதா உங்கப்பா நினைக்கட்டும்."

தலையாட்டினேன்.

அத்தை பரிமாறப் போனதும், டயரில் காற்று பார்க்கிறேன் என்று அப்பா வந்தார். ஃபுட்ரெஸ்ட்டைத் தட்டிப் பார்த்தார். "வெல்டிங் வச்சிருக்கான். வாஷர் போட்டிருக்கான், அதுவும் கன்னாபின்னான்னு. ஆனா பின்னு அதே தேஞ்ச பின்னு. இதை நம்பியா என் தங்கச்சி அந்தக் காத்துல பாலத்தைத் தாண்டணும்?" பையிலிருந்து தொழிற்சாலை போல்ட்டுகளை எடுத்தார். இரண்டு பக்கமும் பின்னை வீசி எறிந்துவிட்டு போல்ட்டைப் போட்டு, முகம் சிவக்கும்வரை முறுக்கி, நட்டு கழலாமல் இருக்க போல்ட் முனையைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கினார்.

"அத்தைகிட்ட சொல்லிடாதே. நான் சரி பண்ணேன்னு தெரிஞ்சா, இவன் பாஸாயிட்டான்னு நினைச்சுக்குவா."

அதற்கும் தலையாட்டினேன். நான், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை.

அன்று பாலத்தில் பறந்த பறப்பை மறக்க முடியாது. காற்று எங்களைத் தூக்கப் பார்த்தது. ஃபுட்ரெஸ்ட் இம்மி அசையவில்லை. அத்தை இரண்டு கால்களையும் பலகையில் வைத்தாற்போல் வைத்துக்கொண்டு வந்தாள். கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன், தன் வாஷரை நினைத்து அவள் முகத்தில் ஒரு பெருமை. கண்ணாடியில் அதைப் பார்த்த மாப்பிள்ளைக்குத் தன் வெல்டிங்கை நினைத்து ஒரு பெருமை.

ஸ்ரீரங்கத்தில் அவர்கள் தெருவில் கூட்டம் பிதுங்கியது. வண்டிகளை உள்ளே ஏற்றச் சொல்லிப் போலீஸ்காரர் விசில் ஊதினார். சீக்கிரமே பஸ் பிடித்திருந்த அப்பாவும் அம்மாவும் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றிருந்தார்கள். பக்கத்து வீடு பூட்டியிருந்தது, அவர்களும் ஆற்றுக்குப் போயிருந்தார்கள். அத்தை வெயிலில் நின்றாள்.

மாப்பிள்ளை வீடு ஒடுக்கமானது. வாசற்படி மேல் பலகை போட்டு, எதிர்ச்சாரியிலிருந்து வேகமெடுத்து வந்து ஒரே மூச்சில் வண்டியை நடைக்குள் ஏற்றுவது மாப்பிள்ளையின் அன்றாடப் பழக்கம். வாசலில் நுழையும்போது ஹேண்டிலைக் கோணலாக ஒடித்துக்கொள்வார். நீளமான ஃபுட்ரெஸ்ட்டுகளைக் குதிகாலால் ஒரு தட்டுத் தட்டுவார், மடங்கிக்கொள்ளும். அன்றும் எதிர்ச்சாரிக்குப் போனார். வந்தார். பலகையில் ஏறினார். குதிகாலால் தட்டினார். ஃபுட்ரெஸ்ட் மடங்கவில்லை.

டமார் என்று ஒரு சத்தம். வண்டியின் முன்பாதி வீட்டுக்குள், பின்பாதி தெருவில். இரண்டு ஃபுட்ரெஸ்ட்டுகளும் வாசல் நிலையின் மரத்தில் இரண்டு பக்கமும் கடித்துக்கொண்டு நின்றன. வெல்டிங் இல்லாமல் வாஷர் மட்டும் இருந்தாலோ, வாஷர் இல்லாமல் போல்ட் மட்டும் இருந்தாலோ கொஞ்சமாவது அசைந்து கொடுத்திருக்கும். மூன்றும் சேர்ந்து அப்படி இறுகிய ஒன்று இன்று என் மேஜைக்கு வந்தால் சந்தோஷமாக ‘பாஸ்’ முத்திரை குத்துவேன்.

அப்பாவும் மாப்பிள்ளையும் வழியில் போன இரண்டு பேரும் சேர்ந்து பின்னால் இழுத்தார்கள். வண்டி வரவில்லை. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்த நிலை கிரீச் என்றது.

"ஐயய்யோ, விடுங்க! விடுங்க!" உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் அம்மா கரண்டியோடு ஓடிவந்தார். "நாளும் கிழமையுமா நிலையைப் பிடுங்குறீங்களே!"

எல்லோரும் விட்டுவிட்டார்கள். அவர் ஹேண்டிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். எங்களைப் பார்த்தார், நிலையைப் பார்த்தார். குரல் இறங்கிவிட்டது.

"பொண்ணு வீட்டுக்காரங்க வர்ற நேரத்துல வாசலே அடைச்சுக்கிச்சே. இத்தனை வருஷம் இல்லாதது. இது என்ன சொல்லுதுன்னு தெரியலையே..."

அத்தையின் முகம் செத்துப்போயிற்று. அப்பா எதிர்பார்த்துக்கொண்டிருந்தது தானாகவே நடந்துகொண்டிருந்தது. ஆள் விடவேண்டாம், பேச்சு கெடவேண்டாம். அவர் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், சம்பந்தம் முறிந்துவிடும். அப்பா தங்கையைப் பார்த்தார்.

"சகுனமெல்லாம் இல்லைங்க" என்றார். "அது நான் போட்ட போல்ட்டு."

"எது?"

"காலையில நான்தான் முறுக்கினேன். கழலக் கூடாதுன்னு முனையையும் அடிச்சு விட்டுட்டேன்."

"நீங்களா சார்?" என்றார் மாப்பிள்ளை. "நான்தான் நேத்தே வெல்டிங் வச்சுட்டேனே!"

"வெல்டிங்கை பார்த்தேன் தம்பி. ஆனா அந்த வாஷர் போட்டீங்களே, அது..."

"வாஷரா? நான் போடலையே."

"வாஷர் நான்" என்றாள் அத்தை, செருப்பைப் பார்த்துக்கொண்டே. "கன்னாபின்னான்னு இல்ல. உங்க டப்பாவுல எடுத்ததுதாண்ணே."

காலையில் அப்பா சொன்னதில் அந்த ஒரு சொல் மட்டும், உள்ளே பரிமாறிக்கொண்டிருந்தவள் காது வரை எட்டியிருந்திருக்கிறது.

மாப்பிள்ளையின் அம்மா கரண்டியை டேங்கின் மேல் வைத்தார். "ஏம்ப்பா, மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் ஒரு வார்த்தை சொல்லிக்க மாட்டீங்களா? ஒருத்தருக்குமா தெரியலை?"

"எனக்குத் தெரியும்" என்றேன். "யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க."

முதலில் சிரித்தது போலீஸ்காரர்தான்.

முனையை அடித்து விட்ட போல்ட்டைக் கழற்ற முடியாது. அறுக்க வேண்டும். பக்கத்து சைக்கிள் கடையில் ஆக்ஸா பிளேடு வாங்கி வந்தார்கள். அப்பா வெள்ளை வேட்டியோடு தெருவில் படுத்து அறுத்தார். மாப்பிள்ளை வண்டியைத் தாங்கிப் பிடித்தார். ஒரு பிளேடு ஒடிந்தது. இன்னொன்றும் ஒடிந்தது.

"நல்ல போல்ட்டு சார்" என்றார் மாப்பிள்ளை.

"எங்க ஃபேக்டரி போல்ட்டு" என்றார் அப்பா, பெருமையா துக்கமா என்று சொல்ல முடியாத குரலில்.

பசி வந்துவிட்டது. எலுமிச்சை சாதமும் தேங்காய் சாதமும் கிண்ணம் கிண்ணமாகப் பெட்ரோல் டேங்கைத் தாண்டித் தெருவுக்கு வந்தன. அம்மா வாங்கி எனக்குக் கொடுத்தாள். போலீஸ்காரருக்கும் ஒரு கிண்ணம் போயிற்று. நின்று நின்று கால் வலித்த அத்தை, வேறு இடமில்லாமல், சிக்கி நின்ற பைக்கின் பின்சீட்டில் ஒருக்களித்து உட்கார்ந்தாள்.

உள்ளேயிருந்து மாப்பிள்ளையின் அம்மா கேட்டார். "ஆடியில பேசக் கூடாதுதான். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். ஆவணியில நாள் பார்க்கலாமா, வேணாமா? தெளிவா சொல்லிடுங்க தம்பி."

அப்பா அறுப்பதை நிறுத்தினார். தரையில் படுத்திருந்தவருக்கு வாசற்படிப் பலகையின் அடிப்பக்கம் தெரிந்தது.

"இந்தப் பலகையில ஒரு ஆணி தூக்கிக்கிட்டு நிக்குதுங்க" என்று ஆரம்பித்தார். "கவனிக்கலை போல..."

அத்தை நகர்ந்தாள். டவுன் பஸ்ஸில் பக்கத்து சீட்டு காலியானதும் நகர்வோமே, அப்படி. பின்சீட்டிலிருந்து முன்சீட்டுக்கு. முன்சீட்டிலிருந்து டேங்குக்கு. நிலை அவள் தலைக்கு மேலே கடந்து போயிற்று. நடைக்குள் வலது காலை இறக்கினாள். பிறகு இடது காலை.

மாப்பிள்ளையின் அம்மா படியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படியைப் பார்த்தார்.

"மிதிக்கவே இல்லையே" என்றார் மெதுவாக. பிறகு டேங்கின் மேலிருந்த கரண்டியை எடுத்து அத்தையிடம் கொடுத்தார். "வா. புளியோதரை இன்னும் கிளறலை."

அப்பா தலையைத் தூக்கினார். சீட் காலியாக இருந்தது. "எங்க அவ?"

"உள்ள போயாச்சு" என்றாள் அம்மா. "நீங்க அந்தப் பக்கத்தையும் அறுங்க."